மஞ்சள் தடவிய பத்திரிகை

கஸ்தூரிரங்கன் முப்பத்திரண்டு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். ஊரார் பத்திரத்தில் வாரிசு விட்டுப்போனதையும் எல்லை மாறிப்போனதையும் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் இருபது வருஷமாகக் குடித்தனம். கீழே வீட்டுக்காரர் சங்கரன். ஒரு குடம் தண்ணீர் பிடிக்கக்கூட அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ரிடையர் ஆவதற்குள் மனைவி கோமளத்தைச் சொந்த வீட்டில் உட்கார்த்திவிட வேண்டும் என்பது ஒன்றுதான் கஸ்தூரிரங்கனின் ஆசை. 1974-இல் தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் கருணாகரன், அடையாறில் அடுக்குமாடி கட்டப்போவதாக வரைபடத்தை விரித்துக் காட்டினார். மனையில் அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கஸ்தூரிரங்கன் இருந்த சேமிப்பையெல்லாம் துடைத்து, இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டினார். பதினெட்டு மாதத்தில் சாவி என்று ஒப்பந்தம்.

பதினெட்டு மாதமும் போயிற்று. தூணும் தளமும் எழும்பியதோடு வேலை நின்றுவிட்டது. அதே வீட்டைக் கருணாகரன் வேறு ஒருவருக்கும் காட்டுவதாகக் காதில் விழுந்தது. அப்போதுதான் இவருக்கு அந்த அதிபுத்திசாலி யோசனை பிறந்தது. முந்திக்கொண்டு பால் காய்ச்சிவிட்டால்? நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனுஷன், கிரகப்பிரவேசம் நடந்த வீட்டை இன்னொருவனுக்கு விற்பானா?

"ஏன்னா, சுவரே முழுசா எழும்பலையே. அடுப்பை எங்கே வெக்கறது?" என்றாள் கோமளம்.

"நாலு செங்கல் போறும். நீ பேசாம இரு."

கருணாகரன் மறுப்பே சொல்லவில்லை. "பால் காய்ச்சுன வீட்ட இன்னொருத்தருக்குக் குடுத்தா என் குடும்பம் வெளங்குமா சார்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டோ எடுக்க ஆளைக்கூட அவரே அனுப்பினார். மகா நல்லவர்!

பத்திரிகை வாசகத்தை கஸ்தூரிரங்கனே எழுதினார். பழகிய கை சும்மா இருக்குமா? 'நாங்கள் விலைக்கு வாங்கி, சுவாதீனம் பெற்றுக்கொண்ட புதிய இல்லத்தில்' என்று கதவு எண் வரை போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பெருமாளுக்கு வைத்த கையோடு கருணாகரனுக்குத்தான் முதல் பத்திரிகை கொடுத்தார். தை மாதம் நல்ல நாளில், பக்கத்து மனைக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து பால் காய்ச்சினார்கள். சங்கரனும் வந்து இரண்டு தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அங்கே வேலை நடக்கவே இல்லை. வீட்டை முடித்துக் கொடு, இல்லை பணத்தைத் திருப்பிக் கொடு என்று கஸ்தூரிரங்கன் வழக்குப் போட்டார். மூன்று வருஷம் வாய்தா வாய்தாவாக இழுத்தது. கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பத்திரிகையை நீட்டினார். மூலையில் மஞ்சள்கூட மங்கவில்லை.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"சுவாதீனம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

முப்பத்திரண்டு வருஷம் அதையே எழுதிச் சம்பளம் வாங்கியவர், தெரியாது என்று எந்த வாயால் சொல்வார்? "தெரியும். சொத்து கைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்" என்றார். கருணாகரன் அவரைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டார்.

வீட்டை அன்றே ஒப்படைத்தாயிற்று, வாதியே குடிபுகுந்ததாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார் என்று தீர்ப்பு. வழக்கு தள்ளுபடி. எதிர்த்தரப்புச் செலவும் இவர் தலையில்.

மறுநாளே சங்கரன் மாடியேறி வந்தார். "கோர்ட்டே சொல்லிடுத்தே ஓய், நீர் மூணு வருஷமா சொந்த ஆத்துல இருக்கீர்னு. அப்புறம் என் மாடி எதுக்கு? என் பொண்ணும் மாப்பிள்ளையும் வரா. இந்த மாசத்தோட காலி பண்ணிடும்."

"அங்கே தண்ணி கெடையாது, கதவு கெடையாது. உங்களுக்கே தெரியுமே, வந்து பார்த்தேளே."

"வந்தேன். பத்திரிகையும் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கோமளம் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். கஸ்தூரிரங்கன் பழக்கதோஷத்தில் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தார்.

"அதை வெச்சுடுங்கோ" என்றாள் அவள். "பால்தான் அன்னிக்கே காய்ச்சியாச்சே."