சந்தாவில் சேர்ந்த நாலு டிஸ்க்

போன மாதம் காவ்யாவின் அப்பா அஸ்ஸாமிலிருந்து லீவில் வந்தார், பிள்ளைகளே. ரயில்வேக்காரர். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. விழாவில் மகள் ராணி வேஷம் கட்டி நடித்த நாடகத்தை வீடியோவிலாவது பார்க்கலாமே என்று, ஷூவைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

காவ்யா க்ளிக் செய்தாள். மறுபடி க்ளிக். ஸ்க்ரீனில் ஒன்றுமில்லை.

"காக்கு, என் நாடகம் எங்கே?" என்று என்னைக் கேட்டாள். கொல்கத்தா பெஹாலாவில் பிறந்த பிள்ளை – எல்லா மாமாவும் அவளுக்குக் காக்குதான்.

எங்கே போனது? சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்புத் தமிழர் கமிட்டி, விழா வீடியோக்களை எல்லாம் ஒரே இடத்தில் வைக்க ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கியது. உள்ளே நாலு ஹார்ட் டிஸ்க் போடலாம். கேபிள் வழியாக எல்லா வீட்டிலும் திறந்து பார்க்கலாம். சரி, டிஸ்க்குக்கு? எதற்கெடுத்தாலும் வீடு வீடாகச் சந்தா வசூலிக்கும் கொல்கத்தாவில் இருந்துகொண்டு இதற்கு யோசிப்பார்களா... சந்தாதான்!

தலைவர் பரமேஸ்வரன் சார், பெரிய ஃபேக்டரியில் ஜெனரல் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஐந்நூறு ஜிபி டிஸ்க் கொடுத்தார். இரண்டு வீடுகளிலிருந்து நூற்றறுபது நூற்றறுபது வந்தது. நான் ஸ்டோர் கிளார்க். என் டிஸ்க் எண்பது.

செகரட்டரி முருகேசன் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்தார். "நாலும் ஒரே சைஸா இருக்கணுமாம் சார். மூணு வேலை செய்யும், நாலாவது ஸ்பேரா சும்மா இருக்குமாம்."

வேலை செய்யும் மூன்று டிஸ்க்கில் யாராவது படுத்துவிட்டால் மற்ற இருவர் சேர்ந்து அவர் பாடத்தை ஒப்பித்து, ஸ்பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அளவு வேறுவேறு என்றால் எல்லாருக்கும் சின்னவர் அளவுதான் கணக்கு. துர்கா பூஜை அஷ்டமிக் கூட்டத்தில் கைகோத்துக்கொண்டு பந்தல் பார்க்கப் போகிறீர்களே, குட்டித் தம்பியின் நடைதானே எல்லாருக்கும் நடை?

பரமேஸ்வரன் சார் எழுந்துவிட்டார்.

"என்னய்யா இது? என் ஐந்நூறும் ஸ்டோர்க்காரர் எண்பதும் ஒண்ணா?"

"மெஷினுக்கு அப்படித்தான் சார்."

"மெஷினுக்கு சீனியாரிட்டி தெரியாதா? அப்புறம், சும்மா உட்கார ஒரு டிஸ்க்கா? அதுக்குத்தான் எல்லா ஆபீஸ்லயும் ஆள் இருக்கே!"

வேறு வழியும் இருந்தது. பாதுகாப்பை விட்டுவிட்டு நாலையும் கூட்டி ஒன்றாக்கலாம். தொள்ளாயிரம் ஜிபி முழுசாகக் கிடைக்கும். ஆனால் ஒன்று போனால் எல்லாமே போகும்... அது அடுத்த பக்கத்தில் இருந்தது. யார் பக்கத்தைத் திருப்பினார்கள்? மீட்டிங், டீ, சிங்காரா என்கிற சமோசா, ஓட்டெடுப்பு. ஏகமனதாகத் தொள்ளாயிரம்! பெட்டி மேல் ஸ்டிக்கர்கூட ஒட்டினோம்.

அதை நம்பி, நாடகம் எடுத்த டேப்பின் மேலேயே, பொங்கலுக்கு அடுத்து இங்கே வரும் சரஸ்வதி பூஜையையும் எடுத்தோம். பெட்டியில்தான் இருக்கிறதே, தனியாக ஒரு காப்பி எதற்கு?

காவ்யா வீட்டுச் செய்தி கேட்டுக் கமிட்டியே பெட்டியைப் பார்க்க ஓடியது. பரமேஸ்வரன் சார் என்னைத்தான் பார்த்தார். "அந்த எண்பதுதான் போயிருக்கும். அப்பவே நினைச்சேன்."

சிவப்பு விளக்கு எரிந்ததோ ஐந்நூறின் மேல்!

"ராத்திரியெல்லாம் கடகடன்னு சத்தம் போடறதுன்னுதானே அதைக் கமிட்டிக்குக் கொடுத்தேள்?" என்றார் பின்னாலிருந்து அவர் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பது? நாலுமே நாலு வீட்டில் வேண்டாம் என்று கிடந்தவைதான். பொதுக் காரியத்துக்கு நாம் கொடுப்பதெல்லாம் இதுதானே – ஆடுகிற நாற்காலி, நிற்கிற கடிகாரம், சத்தம் போடுகிற டிஸ்க்.

காவ்யா அழவில்லை. "எப்போ திரும்பிப் போவே?" என்று மட்டும் அப்பாவைக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி ட்ரெயின்மா."

அவ்வளவுதான். இந்த முறை பிள்ளைகள் மீட்டிங் போட்டார்கள். டீ இல்லை, சிங்காரா இல்லை, சட்டென்று முடிந்தது. ஞாயிறு காலை அதே நாடகம், ஹாலில். பெட்டியோடு வந்த புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்ததும் அவர்கள்தான். மந்திரிக்குக் காய்ச்சல் வந்தால்? ஸ்பேர் மந்திரி. சேவகனுக்கு? ஸ்பேர் சேவகன். மரத்துக்குத்தான் ஸ்பேர் ஆள் இல்லை.

"தாத்தா, நீங்க ஸ்பேர் மரம்," என்றாள் காவ்யா.

"நானா? நான் என்னம்மா செய்யணும்?" என்றார் பரமேஸ்வரன் சார்.

"கிச்சு நா! ஒண்ணும் செய்யக் கூடாது. சும்மா, ரெடியா நிக்கணும்."

நாடகம் நடந்தது. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து, ராணி வந்தபோதெல்லாம் எழுந்து எழுந்து நின்றார். கடையில் வாங்கிய, ஒரே அளவான நாலு புது டிஸ்க் போட்ட பெட்டியில் ஒரு காப்பி ஏறியது. சிடியில் இன்னொன்று, அப்பாவோடு ரயிலேறியது.

பரமேஸ்வரன் சார் பச்சை அட்டையைப் பிடித்தபடி மேடை ஓரத்திலேயே நின்றார். கடைசி வரை யாரும் கூப்பிடவில்லை.

"எப்படி சார் இருந்தது?" என்றேன்.

"ஒரு வேலையும் இல்லையய்யா... ஆனா அந்தாண்ட இந்தாண்ட நகர முடியலை."

சார் தம் சர்வீஸில் வகித்த மிகப் பொறுப்பான போஸ்ட் அதுவாகத்தான் இருக்கும்!