ஏழாவது வீட்டுத் துணி

தம்பி பிறந்தபோது எங்கள் வீட்டுத் தறியில் மாம்பழ மஞ்சளில் ஒரு கல்யாணப் புடவை ஏறியிருந்தது. ஆரணியில் அது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் யாரோ ஒரு மணப்பெண்ணின் பட்டு பாதி நெய்தபடி இருக்கும். அதிசயம் என்னவென்றால், அந்தப் பட்டுக்குப் பத்தடி தள்ளிப் படுத்திருந்த என் தம்பிக்கு விரிப்பு தைக்க, ஊரார் வீட்டுக் கந்தலைக் கேட்டு வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள்.

அனுப்பியது அத்தை, அப்பாவின் அக்கா. அம்மாவுக்குத் தாய்வீடு என்று யாரும் மிச்சமில்லாததால், பிரசவம் பார்க்க வந்தவாசியிலிருந்து வந்திருந்தாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஒரு துணியும் தைக்கக் கூடாது, பிறந்த பிறகு பெயர் வைப்பதற்குள் தைத்துவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. ஏழு வீட்டுத் துணி வேண்டும். ஏழும், நன்றாக ஓடியாடுகிற பிள்ளைகள் உடுத்திப் பழசாக்கியதாக இருக்க வேண்டும். கேட்டு வாங்குவது கூடப்பிறந்தவளாக இருக்க வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

"இன்னாடி முழிச்சிகினு நிக்கிற? வெயில் ஏர்றதுக்குள்ள ஜல்தியா போய் கேட்டுகினு வா."

"நம்ம வூட்லயே பழைய துணி இருக்குதே அத்தை?"

"நம்ம வூட்டுத் துணி ஒருத்தியக் காப்பாத்துன லட்சணந்தான் தெரியுதே."

உள்ளே படுத்திருந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஒருத்தி என் தங்கை. இரண்டு வருடத்துக்கு முன் பிறந்து முப்பத்தெட்டு நாள் இருந்தாள். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் என்னைச் சேத்துப்பட்டில் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்தபோது தூளி இல்லை. துணிமணி எல்லாவற்றையும் ஆற்றில் விட்டாயிற்று என்றார்கள். ஆகவே, தம்பி விஷயத்தில் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். எனக்குப் புரியாதது வேறு. யாரோ ஒரு பிள்ளையின் பழைய துணிக்குள் அப்படி என்ன இருக்கிறது? முதல் வீட்டில் கொடுத்த பாவாடைத் துண்டை வழியிலேயே முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா தன் மகனின் கால்சட்டையைத் தேடி எடுத்தபடி கேட்டாள்: "தரேன், ஆனா எம் பையனோட வாலுத்தனமும் சேந்து வரும். உங்க அத்தைக்குப் பரவால்லியான்னு கேட்டுகினியா?"

எதிர்வீட்டில் ஆசையாக ஒரு பட்டுத் துண்டைக் கொடுத்தார்கள். அத்தை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். பட்டு சூடாம்.

"அப்ப பஞ்சு வெச்சி மெத்து மெத்துன்னு தெப்பியா அத்தை?"

"கத்திரி வெயில்ல பஞ்சா? பச்சப் புள்ளய வேக வெக்கச் சொல்றியா? இது இன்னா ஊட்டியா?"

அடியில் அப்பாவின் நைந்த வேட்டி இரண்டு மடிப்பு, மேலே கேட்டு வாங்கிய துண்டுகள், அவ்வளவுதான் விரிப்பு. காற்று உள்ளே போய் வர வேண்டும். நனைத்தால் அரை மணியில் காய வேண்டும். பட்டு நெய்கிற ஊரில் பழம்பருத்திக்கு இருந்த மரியாதை எனக்கு விசித்திரமாக இருந்தது.

ஆறு வீடு முடிந்தது. ஏழாவதாக முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னாள் அத்தை. அப்பா அவருக்குத்தான் கூலிக்கு நெய்தார். அங்கே ஐந்து பிள்ளைகள், ஐந்தும் கொழுகொழுவென்று இருக்கும். கடைசிப் பெண் என் வகுப்பு. கேட்டில் தொங்கிக்கொண்டு ஆடியவள் என்னைப் பார்த்ததும் இறங்கினாள்.

"பழைய துணியா? எதுக்குடி?"

"தம்பிக்கு."

"எங்கூட்ல பழசெல்லாம் பாத்திரக்காரிக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிடுவோம். நீ இன்னா குடுப்ப?"

கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளிருந்து அவள் அம்மா யாரென்று குரல் கொடுத்தாள். நான் ஓடி வந்துவிட்டேன்.

வெறுங்கையோடு போனால் அத்தையிடம் தப்ப முடியாது. தறிக்குப் பக்கத்தில் அப்பாவின் பழைய தார்ப்பெட்டி ஒன்று இருந்தது. நூல் சுற்றுகிற தார்க் குச்சிகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது, மடித்து வைத்த ஒரு குழந்தைச் சட்டை கிடைத்தது. முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி, வெளிர்பச்சைப் பருத்தி. ஒரு கிழிசலைப் பட்டு இழையால் இழையோட்டித் தைத்திருந்தது. என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நானும் நன்றாக ஓடியாடுகிற பிள்ளைதானே? கையையும் கயிற்றையும் கத்தரித்துவிட்டு ஒரு சதுரமாக்கி, முதலாளி வீட்டில் கொடுத்தார்கள் என்று அத்தையிடம் நீட்டினேன்.

எல்லாத் துண்டுகளையும் மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காய வைத்ததில் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயலுக்கு வந்துவிட்டன. அம்மா அதில் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. அத்தை ஓட்டுத் தையல் போட்டு இரண்டே நாளில் முடித்தாள். பெயர் வைக்கும் அன்று காலை, அப்பா விரிப்பைக் கையில் வாங்கி, நெசவாளி எந்தத் துணியையும் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சை இருந்த மூலையில் பட்டு இழை மினுங்கியது.

"இது எந்த வூட்டுது?"

"முதலாளி வூட்டுது" என்றாள் அத்தை பெருமையாக.

அப்பா என்னைப் பார்த்தார். "நல்ல துணி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரே அதைத் தூளியில் விரித்தார்.

அது என் சட்டை இல்லை என்று அப்பா என்னிடம் சொன்னது, எனக்கு மகன் பிறந்த பிறகு. தங்கையின் துணிகளை ஆற்றுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். ஒன்றை மட்டும் மடியில் செருகிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அத்தைக்குத் தெரிந்திருந்தால், செத்த பிள்ளையின் துணிமேல் உயிருள்ள பிள்ளையா என்று தெருவையே கூட்டியிருப்பாள். அம்மா அதைத் தாங்கியிருக்க மாட்டாள். போன மாதம் என் மகனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். அவனுடைய அழுக்குச் சட்டைகளைத் துவைக்கப் போடும்போதெல்லாம் அப்பா நினைவுதான்.

அந்தக் கோடையில் தம்பிக்கும் காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டான், இப்போது தொப்பையோடு வேலூரில் இருக்கிறான். ஆனால் அன்று அவனுக்கு முப்பத்தைந்தோ முப்பத்தாறோ நாள். அம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தை ஊருக்குப் போயிருந்தாள். மத்தியானம் அம்மா கஷாயம் வைக்க அடுப்படிக்குப் போன நேரம், நான் தறிப் பக்கம் போனேன். அப்பா தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். மிதிக்கட்டை அசையவில்லை.

"அப்பா, முதலாளி வூட்ல நான் கேக்கவே இல்ல. உன் பொட்டியிலிருந்துதான் எடுத்தேன். ஆறு வூடுதான் ஆச்சி. அதனாலதான் தம்பிக்கு ஜுரமா?"

"பொட்டியில எடுத்தது தெரியும்."

"அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாம் கண்ணு. சொன்னா பிரிச்சிப் போட்டுடுவா." கொஞ்ச நேரம் நெய்த பாகத்தையே தடவிக்கொண்டிருந்தார். "ஏழுதான். கணக்கு சரியாத்தான் இருக்குது."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. பெரியவர்களே ஏழு என்று சொன்ன பிறகு நான் ஏன் பயப்பட வேண்டும்?

அப்பா குழியிலிருந்து ஏறி, தூளியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார். தம்பியின் காலுக்கு அடியில் கையை விட்டு, அந்தப் பச்சைத் துண்டைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டைவிரலால் அழுத்தியபடி அப்படியே நின்றார். வெகுநேரம் கழித்துத்தான் தம்பியின் நெற்றியில் கை வைத்தார்.

காய்ச்சலை எங்கே தொட்டுப் பார்ப்பது என்றுகூட இந்த அப்பாவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.