அத்தை மூடிய எழுத்து

இங்கிலீசில் எனக்கு ஒரு சொல்லின் முதல் சத்தம் மட்டும்தான் தெரியும். மீதியை ஊகித்துக்கொள்வேன். இன்றைக்கும் கண்டியில் பஸ் போர்டை அப்படித்தான் பார்த்து ஏறுகிறேன்.

பன்வில பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வாத்தியார் இங்கிலீஸ் எழுத்தைக் காட்டி, "இங்க்... முதல்ல என்ன சத்தம்?" என்பார். "இ" என்று கத்துவோம். பாடம் அவ்வளவுதான். அதற்கே நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பெரிய பேர். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், "தொரைசாணி வருது, வழி விடுங்கடி" என்பார்கள். கூச்சத்தில் ஓடிவிடுவேன். உள்ளுக்குள் இனிக்கும்.

படிக்கிற காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆபீஸ் சுவரில் இரண்டு கடதாசி ஒட்டியிருந்தது. ஒன்றில் இருப்பவர்கள் இந்தியாவுக்குப் போக வேண்டும், மற்றதில் இருப்பவர்கள் இங்கேயே சிலோனில் இருக்கலாம் என்று பேச்சு. எந்தக் கடதாசி எந்த நாட்டுக்கென்று தலைப்பில் இங்கிலீசில் இருந்தது; வாசித்துச் சொல்ல ஆபீசில் ஆளில்லை. லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பரா அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அப்பாவின் தங்கை. அப்பாவை விட்டால் அவருக்கு உடன்பிறப்பு கிடையாது.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது, சம்பளத்துக்குக் கூப்பிடும் செக்ரோல் நம்பர் தெரியும். தன் நம்பரை ஒரு கடதாசியிலும் அப்பாவின் நம்பரை மற்றதிலும் தானே கண்டுபிடித்தார். பிறகு தன் கடதாசியின் தலைப்பில் முதல் எழுத்தைக் காட்டினார்.

"இது என்ன சத்தம் புள்ள?"

"இ, அத்தை. இங்க் மாதிரி."

"நல்லா பாரு."

"இ-தான்."

"வேற எழுத்தா இருக்கும். கண்ணத் தொடச்சிட்டுப் பாரு."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நட்டுவைத்த குச்சி மாதிரி ஒற்றைக் கோடு, அதிலா பிழை விடுவேன்? அத்தை கொழுந்துக் கறை படிந்த பெருவிரலால் அந்த எழுத்தை மூடினார்.

"இப்ப?"

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். "வெரல எடுங்க அத்தை. மறைச்சா மாறிருமா?"

அவர் விரலை எடுக்கவில்லை. சுவரில் நெற்றியை வைத்து அழத் தொடங்கினார்.

சில மாதத்தில் அத்தை குடும்பம் இந்தியா போகக் கண்டியில் ரயில் ஏறியது. இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு ஆபீஸ் சுவரடியில் நான் நினைத்ததெல்லாம், அத்தை என் படிப்பை நம்பவில்லை என்பதுதான். அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க அத்தை, நான் சரியாத்தான் சொன்னேன். நாளைக்கு வாத்தியாரையே கேட்டுப் பாருங்க" என்று தேற்றினேன்.