தொண்ணூறு ஆயில்

என் கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். ஒரு விடுப்பில் வந்தபோது பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டுப் போனார். மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடியில் எங்கள் மாந்தோப்பு. வழியில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் வேறு வண்டி அந்த மணலைத் தாண்டாது. தோப்பைப் பார்த்துக்கொள்வதும் ஜீப்பை ஓட்டுவதும் நான்தான். பக்கத்து இருக்கையில் மாமனார். அவரும் பட்டாளத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்கால் மடங்காது.

மழைக்கு முன்னால் ஜீப்பை ராஜபாளையத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் அடியில் படுத்து டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்தார். இன்ஜினின் விசையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. ஆயில் கறுத்து வடிந்தது.

"இதுக்கு செவப்பு ஆயில்தான்க்கா. உள்ள செயின் ஓடுது. கெட்டி ஆயில் ஊத்துனா ஃபோர் வீல் லிவர் விழாது."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமனார் சிரித்தார். "ஏலே, நான் ஓட்டாத ஜீப்பா? அம்புட்டுக்கும் தொண்ணூறாம் நம்பர் கெட்டி கியர் ஆயில்தான். செவப்பு ஆயில் தண்ணி மாதிரில்ல இருக்கும்?"

"அவிய ஓட்டுனது அந்தக் காலத்து மாடல்க்கா. அதுல வெறும் பல்சக்கரம்," என்று மெக்கானிக் என்னிடம் சொன்னார். பெட்டியின் மேலிருந்த சின்னத் தகட்டைத் துணியால் துடைத்து டார்ச் அடித்தார். குனிந்து பார்த்தேன். துருவுக்கு நடுவே ஏ, டி, எஃப் என்று மூன்று எழுத்து. "இதான் செவப்பு ஆயிலு. எதை ஊத்தட்டும்? நீங்க சொல்லுங்க."

கணவருக்குப் போன் போட்டேன். "அப்பா சொல்றதையே ஊத்திரு. வீட்டுல சத்தம் வேண்டாம்," என்றார்.

இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணால் படித்த பிறகும் சொன்னேன்: "மாமா சொல்றதையே ஊத்துங்க."

இரண்டு வாரம் கழித்துத் தோப்புக்குப் போனோம். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஃபோர் வீல் லிவரை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. "சும்மா போ தாயி, தேவையில்ல," என்றார் மாமனார். போய்விட்டோம். மத்தியானம் மலையில் மழை இறங்கியது. அவசரமாகத் திரும்பும்போது ஓடை செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் பின் சக்கரங்கள் மணலில் புதைந்து சுழன்றன.

நியூட்ரலில் போட்டு லிவரை இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். மாமனாரும் என் கைமேல் கை வைத்து இழுத்தார். சிமெண்டில் நட்ட மாதிரி நின்றது. தண்ணீர் கதவிடுக்கில் நுழைந்து செருப்பை நனைத்தது.

"நீ எறங்கிப் போயிரு. எனக்கு இந்தக் காலை வச்சுக்கிட்டு முடியாது."

"உங்கள விட்டுட்டு எங்க போவேன் மாமா?"

அவரை விட்டுவிட்டு ஊருக்குள் எந்த முகத்தோடு நுழைவேன் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. மம்சாபுரத்தில் தெரிந்தவருக்குப் போன் செய்து டிராக்டர் கேட்டேன். பிறகு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் இருக்கையின் விளிம்புவரை வந்து நின்றது. வாயைத் திறந்தால் ஆயிலைப் பற்றித்தான் பேசியாக வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். அவர் மேல் வந்த கோபம் செத்த நேரத்தில் என் மேலேயே திரும்பியது. ஊற்றச் சொன்ன வாய் என்னுடையது.

மாமனார் வெளியே பார்த்தபடி சொன்னார்: "செயின் வச்ச வண்டி நான் ஓட்டுனதே இல்ல."

அன்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் வலது காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கப் பார்த்தார். கேட்கவில்லை.

டிராக்டர் வந்து சங்கிலி கட்டி இழுத்தபோது மணி ஐந்து இருக்கும்.

மறுநாள் தனியாக ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கெட்டி ஆயிலை வடித்து, சிவப்பு ஆயிலை ஊற்றி ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினார் மெக்கானிக். லிவர் இரண்டு விரலுக்கு விழுந்தது. அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கணவரிடம் போனில் சொன்னேன். "மாத்துறதுக்கு முன்னால அப்பாட்ட கேட்டியா?" என்றார்.

"இல்ல. நான்தான் ஊத்தச் சொன்னேன்."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஜீப் மாட்டியதற்கு ஓடை மணல்தான் காரணம் என்றே மாமனார் சொல்கிறார். அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டு, காபி ஆற்றுகிறேன்.