சோப்பு டீச்சரின் வெள்ளைப் புள்ளி

அந்தச் சோப்பு இல்லாத குளியலறையே அப்போது கிடையாது. அதன் உறையில் ஒரு பெண்ணின் கை, விரல் நுனியில் கொஞ்சம் நுரை. அந்தக் கையை வரைந்தவள் தன் மனைவி என்பதில் பஸ் ஓட்டுநருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. நெருப்புப்பெட்டி வாங்கப் போன இடத்திலும் சோப்பைத் தூக்கிக் காட்டுவார்.

"இது யாரு வரைஞ்சது தெரியுமா? என் வீட்டுக்காரி!"

"அப்படியா? பேரு எங்க போட்டிருக்கு?" என்பார் கடைக்காரர்.

அதோடு மனிதர் சோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். பேர் எங்கே இருக்கும்? விளம்பரப் படத்தில் பேர் போடுகிற வழக்கமே இல்லை. விளம்பர ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை, பிஸ்கட் டப்பா படத்தின் மூலையில் கடுகளவு எழுத்தில் அவள் தன் பேரை எழுதிப் பார்த்தாள். முதலாளி பிளேடால் அதைச் சுரண்டி எடுத்தார். "விக்க வேண்டியது பிஸ்கட்டும்மா, நீ இல்ல" என்றார். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

ஆனால் பிரஷைக் கையில் எடுத்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. குக்கராகட்டும், செருப்பாகட்டும், வரைந்து முடித்ததும் மெல்லிய பிரஷால் அதன் இடது தோளில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பாள். அவ்வளவுதான், தூங்கிக் கிடந்த குக்கர் பளிச்சென்று கண் விழித்துவிடும். எல்லாப் பொருள்மீதும் இடது பக்கமிருந்தே வெளிச்சம் விழவேண்டும் என்பது அந்த ஆபீஸின் சட்டம். மற்றவர்கள் வரைந்த படங்களும் அவள் மேசைக்கு வந்து, புள்ளி வாங்கிக்கொண்டுதான் அச்சுக்குப் போகும்.

இருபத்திரண்டு வருடம் இப்படி ஓடியது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவளையும் அவள் பிரஷ்களையும் மரியாதையாக வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் எதைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். ஓட்டுநர்தான் அலைந்து திரிந்து, பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை வேலை காலி என்று கண்டுபிடித்து வந்தார். தற்காலிக வேலை. வருடக் கடைசியில் கல்வி அதிகாரி வந்து பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஓவிய வகுப்பே கிடையாது, அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவிடுவார்கள்.

சோப்பு விஷயம் எப்படியோ கசிந்து, முதல் வாரத்திலேயே அவள் 'சோப்பு டீச்சர்' ஆகிவிட்டாள். முறைத்துப் பார்த்தாளே தவிர, உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. யாரோ ஒருத்தர் அவளையும் அந்தக் கையையும் சேர்த்துச் சொல்கிறார்களே!

அதிகாரி வருவதற்கு முந்தைய வாரம், மேசைமேல் ஓர் எவர்சில்வர் ஜக்கை வைத்து வரையச் சொன்னாள். முப்பத்திரண்டு பேரும் வரைந்தார்கள். பள்ளி விட்டதும் தனியாக உட்கார்ந்து படங்களைப் புரட்டினாள். ஒன்று கோணல், ஒன்று பூசணிக்காய், இன்னொன்றுக்குக் கைப்பிடியே இல்லை. இதையா காட்டுவது? இன்னொரு கதவும் முகத்தில் அறைந்தால் தாங்கமாட்டாள். பழகிய கை சும்மா இருக்குமா? இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு நிழல், கடைசியில் ஆளுக்கொரு வெள்ளைப் புள்ளி. முப்பத்திரண்டு ஜக்குகளும் கடைக்குப் போகத் தயாராக மின்னின.

அதிகாரி வந்தார். சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தார், மேசைமேல் இருந்த ஜக்கைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"டீச்சர், ஜன்னல் வலது பக்கம்தானே இருக்கு? எல்லா ஜக்கும் இடது பக்கம் மின்னுதே, அது எப்படி?"

தலைமையாசிரியை அவள் பக்கத்தில் வந்து, "நீங்கதான் அப்படி வரையச் சொன்னதா சொல்லிடுங்க" என்று காதைக் கடித்தார். தப்பிக்க நல்ல வழிதான். ஆனால் பெஞ்சுகளிலிருந்து முப்பத்திரண்டு ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன. தங்கள் படம் எது என்றே அதுகளுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு முதலாளி பிடித்த பிளேடு இப்போது தன் கையில் இருப்பது அவளுக்கு உறைத்தது.

"அது என் கை சார். பிள்ளைங்க போட்டதை நான்தான் அழிச்சுட்டேன். தப்புதான். ஒரு மணி நேரம் குடுங்க, உங்க முன்னாடியே வரையட்டும். நான் கிட்டவே போகமாட்டேன்."

பிரஷை அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐயோ, அந்த ஒரு மணி நேரம்! ஒருத்தி மூடியைப் பெரிதாகப் போடுவது அங்கிருந்தே தெரிந்தது. கை நமநமவென்றது. கட்டின கையை அவிழ்க்கவே இல்லை.

நேரம் முடிந்ததும் அதிகாரி ஒவ்வொரு தாளாக எடுத்தார். கோணல் ஜக்குகள், பூசணிக்காய் ஜக்குகள். ஆனால் எல்லாம் வலது பக்கம் மின்னின. கடைசி பெஞ்சுக்காரியின் தாளில் மட்டும் நின்றுவிட்டார். ஜக்கின் வயிற்றில் வளைந்த ஒரு குட்டி ஜன்னல். அதன் ஓரத்தில் எறும்பளவு ஓர் உருவம், கையைக் கட்டிக்கொண்டு.

"இது யாரும்மா?"

"டீச்சர் சார். ஜக்குல தெரியுறாங்க, பாருங்க."

அதிகாரி குனிந்து ஜக்கைப் பார்த்தார். தெரியத்தான் செய்தாள்.

"உள்ளதை உள்ளபடி பாக்குதுங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு டீச்சர் வேணும்" என்று சொல்லி, அங்கேயே கோப்பில் கையெழுத்துப் போட்டார். பிரஷைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதை உங்க தாளுக்கு மட்டும் வெச்சுக்கோங்க" என்றார். தலைமையாசிரியைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சோப்பு டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் முழுக்கக் கடைகளில் தொங்கிய தன் படங்களைப் பார்த்து ஒருநாளும் வராத பெருமை அது. கடைசி பெஞ்சுக்காரி தாளை நீட்டினாள்.

"டீச்சர், வெள்ளைப் புள்ளி வைக்கிறீங்களா?"

பிரஷ் கையில்தான் இருந்தது. அதைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். மூலையில உன் பேரை எழுதுடி. கடுகு மாதிரி எழுதாதே, பெருசா எழுது."