ஜெபஷீலா எடுத்துப்போன குட்டிகள்

போடி கடைவீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஜெபஷீலாவுக்கு அடுத்தவர் அசட்டையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. பக்கத்துத் தையல்கடை சொர்ணலதா தெருப்பூனை ஒன்றுக்கு மீன் வைப்பாள். சோறு போட்டால் மட்டும் போதுமா, பொறுப்பாக வளர்க்க வேண்டாமா என்று அதற்கும் ஒரு குத்தல்.

அடைமழை விட்ட ஒரு காலையில் கடைக்குப் பின்னால் போனவள், காலி அட்டைப்பெட்டிக்குள் கண் திறக்காத மூன்று பூனைக்குட்டிகளைக் கண்டாள். தாயைக் காணோம். சற்று நேரம் காத்திருந்து பார்த்திருக்கலாம். அவள் துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பெற்றவள் விட்டாலும் நாம் விடக்கூடாது என்று எழுதி, படத்தோடு ஸ்டேட்டஸ் போட்டாள். சபைப் பெண்கள் மெச்சி மெச்சிப் பதில் அனுப்பினார்கள்.

தன் பிள்ளைகளுக்குப் பால் புகட்டிய சங்கைத் தேடி எடுத்தாள். குட்டியை மல்லாத்திப் பிடித்துப் பசும்பாலை ஊற்றினாள். கறுப்புக் குட்டிக்குப் பால் மூக்கு வழியே வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். மதியத்துக்குள் அது விறைத்துப்போனது.

கால்நடை டாக்டர் உமாதேவிக்குப் போன் போட்டாள். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புற வைத்துத்தான் புகட்ட வேண்டும், உடம்பு குளிர்ந்திருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால், அதுவும் பசும்பால் ஆகாது என்றார் டாக்டர். அவர் திட்டவில்லை. கடைசியாக ஒன்று கேட்டார்.

"தாய் திரும்பி வருதான்னு பாத்தீகளா?"

ஜெபஷீலா போனை வைத்தாள்.

கடைக்கு ஓடினால், பின்னால் அந்தத் தெருப்பூனை அட்டைப்பெட்டிக்குள் தலையை விடுவதும் எடுப்பதுமாகக் கத்திக்கொண்டிருந்தது. சொர்ணலதா தையலைப் போட்டுவிட்டுச் சாக்கடையோரம் குனிந்து தேடினாள்.

"காலையில இருந்து இப்படித்தான் கத்துதுக்கா. நாய்கீய் தூக்கிருச்சோ என்னமோ."

ஆமாம், நாயாகத்தான் இருக்கும் என்று சொல்ல ஜெபஷீலாவின் நாக்கு எழுந்தது. பூனை அவள் காலை மோந்து பார்த்தது.

"நாய் இல்ல சொர்ணம். நான்தான் எடுத்துட்டுப் போனேன். ஒண்ணு செத்துப்போச்சு. நான் பால் ஊத்தித்தான்."

சொர்ணலதா ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தைக் கொண்டாங்கக்கா" என்றாள்.

ஜெபஷீலா வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைவாக வைத்து இரண்டையும் கொண்டுவந்தாள். மனுசக்கை பட்டதைத் தாய் பொருட்படுத்தவில்லை. நக்கிக் கொடுத்துப் பாலுக்கு மடியைக் காட்டியது. பிறகு எழுந்து பெட்டியின் மூலைகளில் தேடியது. ஜெபஷீலாவால் அங்கே நிற்க முடியவில்லை.

ஸ்டேட்டஸை அழித்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் குட்டிகளைப் பற்றிக் கேட்டவர்களிடம் நடந்ததைச் சொன்னாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அதன்பின் கடையில் ஆள் இல்லாத வேளைகளில் பெட்டியருகே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தொடமாட்டாள். குட்டிகள் கண் திறந்து தள்ளாடத் தொடங்கியபோது சொர்ணலதாதான் கூப்பிட்டாள்.

"கையக் கழுவிட்டு வாங்க. வயித்துக்கு அடியில உள்ளங்கையக் குடுங்க. ரொம்ப ஒசரத் தூக்காதீக."

செவலைக் குட்டி அவள் உள்ளங்கைச் சூட்டில் கண் சொருகியது. சொர்ணலதாவின் மடியில் கிடந்த தாய் மட்டும் தூங்கவில்லை. அது ஜெபஷீலாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. முகம் சுட, அவள் குட்டியை மெல்லத் தாயருகே இறக்கிவைத்தாள்.