மழைக்கல்லை இடமாகச் சுற்றிய ஓட்டம்

காலை ஐந்து ஐம்பதுக்கு ஏரிக்கரை மேல் ஏறியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைக் கோடு. நீர் வற்றிய ஏரிக்குள் முட்டை வடிவத்தில் சுண்ணாம்புத் தூளால் போட்டிருந்தார்கள். அதற்குள்ளே இன்னொரு சிறிய முட்டை. இரண்டுக்கும் நடுவில் முப்பதடி அகலத்துக்கு இருந்த மண்ணை மட்டும் வாரி, சமன்செய்து, தண்ணீர் தெளித்திருந்தார்கள். சுற்றிலும் இருந்த மண்ணைவிட அது கறுத்துத் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வைகாசி மாதச் சனிக்கிழமை அது. ஏரி நல்லம்பள்ளிக்குத் தெற்கே. அப்போது நான் தருமபுரியிலிருந்து ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். என்னை வரச்சொன்னவர் அந்தக் கோடுகளுக்கு நடுவே மண்ணைச் சமன்செய்ய ஒரு பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். சேலம் சாலையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர். தருமபுரிக்குக் கிழக்கே ஒரு கத்தோலிக்கக் குடியானவக் குடும்பத்தில் பிறந்து, பிட்டர் வேலை படித்து, இங்கிலாந்துக்குப் போய் ஒரு வார்ப்பட ஆலையில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

"நீங்க எழுதலன்னாலும் பரவால்லீங்க. எழுதறவர் ஒருத்தர் நின்னு பாத்தார்னு இருந்தா போதும்" என்று முந்தின வாரம் பட்டறையில் சொல்லியிருந்தார்.

அவர் வேலை பார்த்த ஊரில் மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஸ்பீட்வே பந்தயத்துக்கு ஒரு மைதானம் இருந்தது. அங்கே நகரத்துக்கு நகரம் அப்படி ஒன்று உண்டு என்பார். வாரத்தில் ஒரு மாலை ஓட்டம் நடக்கும். நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. வண்டிக்கு ஒரே கியர், பிரேக் கிடையாது. வளைவு வரும்போது மற்ற வண்டிக்காரன் வேகத்தைக் குறைப்பான், இவர்கள் கூட்டுவார்கள். பின்சக்கரம் வெளிப்பக்கம் வழுக்கும். முன்சக்கரம் வளைவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். இடது காலில் கட்டிய இரும்புச் செருப்பு தரையைத் தொட்டுக்கொண்டே போகும். எல்லா வளைவும் இடப்பக்கம்தான். அதனால் அந்த வண்டிக்கு இடது காலை வைக்க இடமே இருக்காது.

ஆட்டம் ஆஸ்திரேலியாவிலிருந்து இருபதுகளின் கடைசியில் இங்கிலாந்துக்கு வந்தது. போருக்குப் பிறகு கூட்டம் அலைமோதியது. ஐம்பதுகளில் கேளிக்கை வரியும் தொலைக்காட்சியும் சேர்ந்து பாதி மைதானங்களை மூடவைத்தன. அறுபதுகளின் நடுவில் மிச்சமிருந்த கிளப்புகள் ஒன்றுகூடி அதற்கு மறுபடி உயிர் கொடுத்தன. இவர் பார்த்தது அந்தக் காலத்தை. இன்று நான் படிக்கிற செய்திகள் வேறு மாதிரி இருக்கின்றன. மைதானங்கள் வீட்டுமனைகளாக விற்கப்படுகின்றன. பக்கத்தில் புதிதாக வீடு வாங்கியவர்கள் இரைச்சல் என்று வழக்குப் போடுகிறார்கள். இருக்கைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்து கேட்ட எங்களுக்கு அந்த விளையாட்டுக்கு முடிவு உண்டு என்று தோன்றவே இல்லை.

ஆலை வேலை முடிந்த மாலைகளில் அவர் அந்த மைதானத்தில் மண் வாருகிற ஆளாகச் சேர்ந்தார். பெரிய ஓட்டங்கள் முடிந்த பிறகு கற்றுக்குட்டிகளுக்குச் சில ஓட்டங்கள் விடுவார்கள். கிளப் வண்டியை இரவல் வாங்கி அதில் இரண்டு பருவம் ஓட்டினார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஊர் நம்ப மறுத்ததும் அவ்வளவைத்தான்.

நம்பாதவர்களில் முதல் ஆள் அவர் மனைவியின் அண்ணன். மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி வைத்திருந்தவர், சொந்தமாக லாரியும் மோட்டார் சைக்கிளும் உள்ளவர். தருமபுரிக்கு வரும்போதெல்லாம் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துவார்.

"எங்க மாப்ள லண்டன்ல பிரேக்கே இல்லாத வண்டி ஓட்டுனவருங்க" என்பார், டீக்கடையில் இருப்பவர்களுக்கும் கேட்கிறபடி. "வண்டின்னு ஒண்ணு இருந்துச்சான்னுதான் இன்னும் தெரியல."

"நேர்ல வந்து பாத்தீங்களா மச்சான்?"

"பாக்காததாலதான கேக்கறேன். வெளக்குமாத்தோட நிக்கற போட்டோ வூட்ல மாட்டியிருக்குது. வண்டியோட நிக்கற போட்டோ எங்க மாப்ள?"

போட்டோவில் அவர் கையில் இருந்தது மண் வாரும் கருவி. அதைச் சொன்னால் சிரிப்பு இன்னும் அதிகமாகும். கடைத்தெருவில் அவருக்கு 'பிரேக்கில்லாதவர்' என்று பெயர் விழுந்துவிட்டது. மளிகைக் கடையில் அவர் மனைவியைப் பார்த்து, பிரேக்கில்லாதவர் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வாரம்தான் அவர் ஏரியைப் பார்க்கப் போனார்.

ஒரு பழைய முன்னூற்றைம்பது சி.சி. வண்டியின் விளக்கு, மட்கார்டு, பிரேக் எல்லாவற்றையும் கழற்றினார். கியரை ஒன்றிலேயே பூட்டினார். இடப்பக்க மிதியை அறுத்தெடுத்தார். லாரி பம்பரின் ஒரு துண்டை வளைத்து இடது பூட்ஸுக்குச் செருப்பு அடித்தார். அங்கே வண்டிகள் ஓடுவது மெத்தனால் என்ற ஸ்பிரிட்டில். இங்கே மதுவிலக்குக் காலத்தில் ஒரு டின் ஸ்பிரிட் எதற்கு என்று போலீசுக்கு விளக்குவதைவிடப் பெட்ரோலே மேல் என்று விட்டுவிட்டார். கூட ஓட்ட மூன்று பேர் கிடைத்தார்கள். தருமபுரியில் சீட் கவர் தைக்கும் பாய் ஒருவர், பாலக்கோட்டு எண்ணெய் மில் டிரைவர் ஒருவர். மூன்றாவது ஆள், கேட்பதற்கு முன்பே வருகிறேன் என்று சொன்ன மச்சான்.

ஊர்க்கவுண்டர் ஏரியைத் தரச் சம்மதித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஓட்டம். சனிக்கிழமை காலை ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம். அதற்குத்தான் நான் போயிருந்தேன்.

ஆறரைக்கு வண்டியைத் தள்ளிக் கிளப்பினார். முதல் நேர்பாதையைக் கடந்தார், முதல் வளைவை இடப்பக்கம் எடுத்தார். இரண்டாவது வளைவுக்குள் அவர் நுழையும்போது கரை மேலிருந்து ஊர்க்கவுண்டர் துண்டை வீசிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே பூசாரி.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! என்னாங்க பண்றீங்க?"

வண்டிக்குப் பிரேக் இல்லாததால் அது நிற்க இன்னும் ஒரு சுற்று ஆனது. அதற்குள் கவுண்டர் முகம் சிவந்துவிட்டது.

நடந்தது இதுதான். முட்டை வடிவம் போட இரண்டு மையம் வேண்டும். ஒரு மையத்துக்குப் பட்டறைக்காரர் முளை அடித்தார். இன்னொரு மையத்துக்கு முளை அடிக்கத் தேவைப்படவில்லை, ஏரியின் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றிருந்தது. கயிற்றை அதில் கட்டிச் சுற்றிக் கோடு போட்டுவிட்டார். அது மழைக்கல். ஏரி நிறைந்திருக்கும்போது தண்ணீருக்கடியில் இருக்கும். வற்றி வெளியே தெரிகிற வருடங்களில் மட்டும் ஊர் கூடி, அதற்குத் தண்ணீர் ஊற்றி, வலமாகச் சுற்றி மழை கேட்கும். கத்தோலிக்கரான அவருக்கு அது கயிறு கட்ட வசதியான ஒரு கல்.

"சாமிய நடுவுல வெச்சுச் சுத்தறதுக்கு ஒரு தடையும் இல்லீங்க" என்றார் கவுண்டர். "ஆனா இடமா சுத்தறீங்களே. இழவுக்குத்தான் இடமா சுத்துவாங்க."

"அங்க எல்லாரும் இப்படித்தானுங்க சுத்துவாங்க."

"அங்க மழை ஜாஸ்திங்க. அவங்களுக்கு அந்தத் தைரியம் இருக்குது. எங்களுக்கு இல்ல."

வேறு இடத்துக்கு மாற்றவும் முடியாது. ஏரியின் மற்ற பகுதி முழுவதும் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கல்லைச் சுற்றித்தான் மணல் கலந்த சமதரை. பட்டறைக்காரர் குனிந்து வண்டியின் வலப்பக்க மிதியைத் தொட்டுப் பார்த்தார்.

"வலமாவே சுத்திக்கறோமுங்க" என்றார்.

அன்று பகல் முழுவதும் பட்டறையில் வண்டியைத் திருப்பிக் கட்டினார். இடப்பக்கம் மிதி வைத்தார், வலப்பக்க மிதியைக் கழற்றினார், செருப்பை வலது பூட்ஸுக்கு மாற்றினார். வண்டி மாறிவிட்டது. இரண்டு பருவம் இடப்பக்கமே சாய்ந்து பழகிய உடம்பு மாறவில்லை. மற்ற மூன்று பேருக்கு எந்தப் பக்கமும் பழக்கமில்லை, அதனால் எந்தப் பக்கமும் அவர்களுக்கு ஒன்றுதான். நால்வரில் இந்த விதியால் கெட்டுப்போனவர் ஓட்டத் தெரிந்த ஒருவர் மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கரை நிறைந்துவிட்டது. மச்சானின் லாரி மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு கூட்டத்தை ஏற்றி வந்திருந்தது. பட்டறைக்காரரின் மனைவி லாரி நிழலில், கையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். நான்கு ஓட்டங்கள் என்று ஏற்பாடு.

முதல் ஓட்டத்தில் அவர் நான்காவதாக வந்தார். இரண்டாவதில் முதல் வளைவிலேயே விழுந்தார். எழுந்து ஓட்டி, மறுபடியும் நான்காவது. மூன்றாவதில் விழவில்லை. ஆனால் வளைவுக்கு வளைவு காலை ஊன்றி, சைக்கிள் பழகுகிறவரைப் போலத்தான் திரும்ப முடிந்தது. பிரேக் உள்ள மூன்று வண்டிகளும் நிதானமாகத் திரும்பி அவரைத் தாண்டிப் போயின. கரையில் விசில் பறந்தது.

"பிரேக்கில்லாதவரே, பிரேக்க மாட்டிக்கிட்டாவது வாங்க!"

"லண்டன்ல வெளக்குமாறுதான் ஓட்டுனாராம்ப்பா!"

பாய்க்கு அது பிடிக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் கவுண்டரிடம் வந்தார். "அவரு சொன்னது இடம். நீங்க ஓடச்சொன்னது வலம். பரீட்சைய மாத்திக் குடுத்துட்டு மார்க்கு வரலன்னா எப்படிங்க?"

"சாமிக்கு நான் என்ன பதில் சொல்றது பாய்?"

அப்போது பேசியவர் பூசாரி. அதுவரை கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, புகைக்கு மூக்கைப் பொத்தியபடி மூன்று ஓட்டங்களையும் விடாமல் பார்த்திருந்தார். "அலங்காரம் பண்ணும்போது திரை போடறோமில்ல. அப்ப உள்ள நடக்கறது ஊருக்குத் தெரியாது. வெளிய நடக்கறதும் சாமிக்குத் தெரியாது. திரை போட்டுட்டா ஒரு ஓட்டம் இடமா ஓடிட்டுப் போகட்டுமே."

கவுண்டர் யோசித்தார். "அவ்ளோ பெரிய திரைக்கு எங்க போறது?"

எல்லோரும் லாரியைப் பார்த்தார்கள். அதன் மேல் தார்ப்பாய் மடித்துக் கட்டியிருந்தது.

"நல்லா இருக்குதுங்க நியாயம்" என்றார் மச்சான். "என் தார்ப்பாய்லயே சாமிய மூடி என்னையே தோக்கடிக்கறதா? நாளைக்குத் தக்காளி ஏத்தணும், மண்ணாயிடும்."

அவர் தங்கை குடத்தைக் கீழே வைத்தார். அன்று முழுவதும் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

"பயமா இருந்தா குடுக்காதீங்கண்ணா."

லாரியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், மாரண்டஹள்ளிக்காரர்களும் சேர்ந்து. மச்சான் தாமே லாரி மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். நான்கு மூங்கில்களை நட்டு, கல்லைச் சுற்றித் தார்ப்பாயைக் கட்டினார்கள். பூசாரி உள்ளே போய்க் கற்பூரம் காட்டிவிட்டு வந்து, நான்கு பக்கமும் இடுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம் ஒரு சாண் இடைவெளி இருந்தது. தம் துண்டை எடுத்து அதை அடைத்தார். இதற்குள் பட்டறைக்காரரின் வண்டியில் மிதியும் செருப்பும் பழைய பக்கத்துக்கு மாறியிருந்தன.

நான்காவது ஓட்டம் ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. நால்வரும் சேர்ந்து கிளம்பினார்கள். முதல் வளைவு வரை மச்சான்தான் முன்னால். வளைவில் மற்ற மூன்று வண்டிகளின் சத்தமும் தணிந்தது, ஒன்றின் சத்தம் மட்டும் ஏறியது. அந்த வண்டி குறுக்காகத் திரும்பிக்கொண்டே முன்னால் போனது. இடதுகால் நீண்டு தரையைத் தேய்த்தது. பின்சக்கரத்திலிருந்து கிளம்பிய மண் வெளிப்பக்கம் நின்ற கூட்டத்தின் மேல் விழுந்தது. ஆட்கள் பின்னால் நகர்ந்தார்கள், பிறகு இன்னும் கிட்டத்தில் பார்க்க முன்னால் வந்தார்கள். ஒருவரும் விசிலடிக்கவில்லை. இரண்டாவது வளைவிலும் அதே சாய்வு, அதே சத்தம். நேர்பாதையில் அவர் நிமிர்ந்து, மறுபடி வளைவுக்குள் வண்டியைப் போடுவதை நான் உள்கோட்டின் ஓரத்தில் நின்று பார்த்தேன். கைப்பிடி வலப்பக்கம் திரும்பியிருந்தது, வண்டி இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. முகத்தில் எந்தச் சிரமமும் இல்லை.

இரண்டாவது சுற்று முடியும்போது அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஒரு முழு நேர்பாதை இடைவெளி இருந்தது. பாயும் மில் டிரைவரும் விடாமல் ஓட்டினார்கள். மூன்றாவது சுற்றில் மச்சான் வண்டியை உள்கோட்டுக்குள் திருப்பி நிறுத்தி, இறங்கி, கடைசிவரை நின்று பார்த்தார்.